தூக்கம் தப்பு

ஆரம்பாக்கம் சந்தையில் என் தராசுதான் புதுசு,
பேட்டரி, சிவப்பு எழுத்து.
அதனால் ஏட்டு என் கடைக்கு வந்தார்.
"முனிரத்தினம், தராசைத் தூக்கிட்டு வாய்யா,
சாட்சிக் கையெழுத்தும் வேணும்."
தட்டில் ஒட்டியிருந்த சென்னாக்குனியை
லுங்கியில் துடைத்துக்கொண்டே போனேன்.

செக்போஸ்ட்டில் தகரக் கொட்டகை.
நெல்லூர் பஸ்ஸை ஓரங்கட்டியிருந்தார்கள்,
ஜன்னலுக்கு ரெண்டு தலை.
தரையில் குந்தியிருந்தவனை எனக்குத் தெரியும்.
பெஞ்சலய்யா. தடா பக்கம் கம்பெனி வேலை.
சம்பளத்துக்கு மறுநாள் வந்து
அரைக் கிலோ நெத்திலி வாங்குவான்.
ஒருதரம் பையோடு திரும்பி வந்தான்:
"தூக்கம் தக்குவண்ணா."
அவன் பாஷையில் தூக்கம் என்றால் எடை.
சிரித்து மழுப்பி
ஒரு கை அள்ளிப் போட்டேன்.

என் தராசு
கிலோவுக்கு நாற்பது கிராம் கூடக் காட்டும்.
காட்டவைத்தவன் செங்குன்றத்து மெக்கானிக், முந்நூறு ரூபாய்.
முத்திரை போட ஆபீசர் வரும் நாளில் மட்டும்
கிலோ கிலோவாக இருக்கும்.

பழுப்பு டேப்பைப் பிரித்தார்கள்.
ஈர வைக்கோல் நாற்றம்; என் சரக்கு தேவலாம்.
தட்டில் வைத்தார்கள்.
எண் குதித்தது, தடுமாறியது, நின்றது.
ஒன்று புள்ளி
சைபர் மூன்று சைபர்.

"தாண்டிருச்சு" என்றார் எஸ்.ஐ. கெஜலட்சுமி.
எழுதுகிற பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார்:
"கிலோவுக்குள்ளன்னா ஒரு வருஷம், இல்லாட்டி அபராதம்.
தாண்டினா பத்து வருஷம் வரைக்கும் போகும்.
இருபது கிலோன்னா கதையே வேற."

வியாபாரி மனசு கேட்காமலே கழித்தது.
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
பத்து கிராம் குறைவு.
பத்து கிராம் என்றால்
ரெண்டு காய்ந்த காரப்பொடி.

அவன் போலீசைப் பார்க்கவில்லை.
தராசைப் பார்த்தான். பிறகு என்னை.
"தூக்கம் தப்பண்ணா."

ஏட்டு தென்காசிக்காரர், மாற்றலாகி மூணு மாசம்.
"தூக்கமாடா வருது? உள்ளே போய்
நல்லாத் தூங்கு."
கொட்டகையே சிரித்தது.
என் வாயும் பாதி திறந்திருந்தது.
மகஜரில் கையெழுத்துப் போட்டேன்,
அப்பா பேரோடு.

பதினாலு மாசம் கழித்து மெட்ராஸ் கோர்ட்டில்
பொட்டலத்தை மறுபடி நிறுத்தார்கள்.
தொள்ளாயிரத்து எண்பத்தொன்று.
அவன் வக்கீல் துள்ளி எழுந்தார்.
அரசாங்க வக்கீல் நிதானமாக என்னிடம் வந்தார்.
"கருவாட்டு வியாபாரம்தானே உங்களுக்கு?
காய்ஞ்சா எடை குறையுமா?"
"குறையும்."
"கொஞ்சமா?"
"நல்லாவே குறையும் ஐயா."
கடையில் ஒருநாளும்
இவ்வளவு உண்மை பேசியதில்லை நான்.

தராசில் முத்திரை இருந்ததா?
இருந்தது.
அதுவும் உண்மை.
ஒவ்வொரு பதிலையும் ஒருத்தர்
அவன் காதருகில் தெலுங்கில் சொன்னார்.
முத்திரை என்ற சொல்லுக்கு மட்டும்
தலையைத் தூக்கினான்.

நாலு வருஷம். இருபத்தைந்தாயிரம்.
கட்டாவிட்டால் இன்னும் ஆறு மாசம்.

தராசுக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று
பிறகு ஒருத்தரிடம் விசாரித்தேன்,
மச்சானுக்காகக் கேட்பதுபோல.
அபராதம், என்றார்.
முதல்தரம் என்றால் பெரும்பாலும் அதோடு போகும்.

செங்குன்றம் போனேன்.
"சரியாவா? சரியாவே வைக்கணுமா?"
ரெண்டுதரம் கேட்டான் மெக்கானிக்.
அதற்கும் முந்நூறு.
இப்போது கிலோ கிலோதான்.
வாங்குகிறவர்கள் யாருக்கும்
வித்தியாசம் தெரியவில்லை.
நெத்திலி கேட்டால் மட்டும்
ஒரு கை கூடப் போடுகிறேன்.
பெண்டாட்டி திட்டுகிறாள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு
சூலூர்ப்பேட்டை பக்கம் ஒரு சரக்கு ரயில் போகும்.
நேற்று ஐம்பத்தெட்டுப் பெட்டி எண்ணினேன்.
இன்றைக்கு ஐம்பத்தொன்பது.
எங்கே விட்டேன் என்று யோசிப்பதற்குள்
அது ஆந்திராவுக்குள் போய்விட்டது.